மென்பொருள் விவரிப்பை முறைசார் விவரக்குறிப்பாக்குதல்: நவுரின் கணக்கும் மேயரின் விமர்சனமும்

மென்பொருள் உருவாக்கத்தில் முதலில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு விவரிப்புதான். "சம்பளப் பட்டியல் மாதக் கடைசியில் தயாராக வேண்டும்", "பழைய புத்தகத்தைத் திருப்பித் தராதவருக்குப் புதுப் புத்தகம் கொடுக்கக் கூடாது" என்பன போன்ற அன்றாட மொழி வாக்கியங்களால் ஆனது அது. இவ்வாக்கியங்களைக் கணங்கள், உறவுகள், சார்புகள், தருக்கக் குறியீடுகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரே பொருள் மட்டும் தரும்படி எழுதினால் முறைசார் விவரக்குறிப்பு கிடைக்கிறது. ஒரு நிரல் சரியானது என்று நிறுவ விரும்புவோருக்கு இந்த இரண்டாவது வடிவம் இல்லாமல் முடியாது. எதனோடு ஒப்பிட்டுச் சரி என்று சொல்லாமல் ஒரு நிரலைச் சரி என்று சொல்ல இயலாது.

முதல் வடிவத்திலிருந்து இரண்டாவதற்குச் செல்வதைப் பாடநூல்கள் பலவும் ஒருவகை மொழிபெயர்ப்பாகவே காட்டுகின்றன. இயல்மொழி தெளிவற்றது, கணிதம் தெளிவானது, ஆகவே முன்னதைப் பின்னதாக மாற்றினால் பிழை தீரும் என்பது அவற்றின் தொனி. இந்தப் பார்வை எவ்வளவு போதாதது என்பதை அறிய மூன்று வரி அளவே உள்ள ஒரு சிறு கணக்கின் வரலாறு போதும். 1969இல் தொடங்கி 1985 வரை கணினி அறிவியலில் தேர்ந்த பலர் அதை எடுத்து ஆராய்ந்தனர். ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்தவர் விட்டதைக் கண்டனர்.

மூன்று விதிகளும் ஏழு பிழைகளும்

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் வானியலிலிருந்து கணினி அறிவியலுக்கு வந்தவர். அல்கால் 60 மொழியின் அறிக்கையைத் தொகுத்தவர். நிரல்மொழிகளின் தொடரிலக்கணத்தை எழுதப் பயன்படும் பேக்கஸ்-நவுர் வடிவத்தில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதும் அவருக்குக் கிடைத்தது. முறைசார் எழுத்துக்குப் பழக்கமில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

1969இல் 'பிட்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையொன்றில், நிரலைச் செயல்தொகுதிகளாகப் பிரித்து எழுதும் தம் முறையை விளக்க நவுர் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டார். வெற்றிடத்தாலோ புதுவரிக் குறியாலோ பிரிக்கப்பட்ட சொற்களைக் கொண்ட ஓர் உரை இருக்கிறது. அதை வரிவரியான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். விதிகள் மூன்று. மூல உரையில் வெற்றிடமோ புதுவரிக் குறியோ உள்ள இடத்தில் மட்டுமே வரியை முறிக்கலாம். ஒவ்வொரு வரியையும் இயன்றவரை நிரப்ப வேண்டும். எந்த வரியும் குறித்த உச்ச எழுத்தெண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. இன்று எந்தச் சொற்செயலியும் கணந்தோறும் செய்யும் வேலைதான் இது.

இதற்கு அவர் எழுதிய நிரல் ஏறத்தாழ 25 வரி. அது சரியானது என்பதற்கு இயல்மொழியில் ஒரு நிறுவலையும் சேர்த்திருந்தார். அடுத்த ஆண்டே பர்ட் லீவன்வொர்த் தம் மதிப்புரையில் ஒரு பிழையைக் காட்டினார். முதற்சொல் சரியாக உச்ச எண்ணிக்கை அளவுக்கே நீளமாக இருந்தாலன்றி, வெளியீட்டின் முதல் வரி ஒரு வெற்றிடத்தோடு தொடங்கும். 1971இல் ரால்ஃப் லண்டன் மேலும் மூன்று பிழைகளைக் கண்டார். உச்ச அளவைத் தாண்டிய சொல் ஒன்று எதிர்ப்பட்டாலன்றி நிரல் ஓட்டத்தை நிறுத்தாது என்பது அவற்றுள் ஒன்று. லண்டன் நிரலைத் திருத்தி, திருத்திய வடிவம் சரியானது என்று இம்முறை முறைசார் நிறுவலே தந்தார். 1975இல் ஜான் குடினஃபும் சூசன் கெர்ஹார்ட்டும் சோதனைத் தரவுகளைத் தேர்ந்தெடுப்பது பற்றிய தம் கட்டுரையில் இன்னும் மூன்று பிழைகளை வெளியிட்டனர். உரையின் கடைசிச் சொல்லுக்குப் பின் வெற்றிடமோ புதுவரிக் குறியோ இல்லாவிட்டால் அச்சொல் வெளியீட்டில் வராது என்பது அவற்றில் ஒன்று. லண்டனின் நிறுவலைத் தாண்டியும் அவை பிழைத்திருந்தன.

ஆக மொத்தம் ஏழு. நிறுவலை நம்பாதே, சோதனை செய் என்ற பாடத்தையே மென்பொருள் பொறியியல் நூல்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. முதலில் வந்த கணக்கின் வாசகத்தை யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. நவுரின் மூன்று விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குறும்புக்காரர் எதையும் அச்சிடாத நிரல் ஒன்றை எழுதினால் என்னாகும்? தவறான இடத்தில் முறிந்த வரி எதுவும் இல்லை. நிரம்பாத வரி இல்லை. நீளம் மீறிய வரியும் இல்லை. மூன்று விதிகளும் நிறைவேறிவிட்டன. உள்ளே வந்த சொற்கள் அதே வரிசையில் வெளியே போக வேண்டும் என்று விதிகளில் எங்குமே சொல்லவில்லை. அந்தச் சுமை முழுவதையும் முன்னுரையில் வரும் "மாற்ற வேண்டும்" என்ற ஒற்றை வினைச்சொல் தாங்குகிறது. படிப்பவர் எவரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் நிறுவலில் புரிந்துகொள்பவர் என்று ஒருவர் இல்லை. எழுதியது மட்டுமே உண்டு. இரண்டு வெற்றிடங்கள் அடுத்தடுத்து வந்தால் என்ன, உச்ச அளவைவிட நீளமான சொல் வந்தால் என்ன, உரையில் சொல்லே இல்லாவிட்டால் என்ன என்ற கேள்விகளுக்கும் அந்த வாசகத்தில் விடை இல்லை. பிழைகளில் சில நிரலில் பிறக்கவில்லை, கணக்கிலேயே பிறந்துவிட்டன.

நீட்டி எழுதினால் தெளியுமா?

குடினஃபும் கெர்ஹார்ட்டும் இதை உணர்ந்தே இருந்தனர். நவுரின் வாசகத்தை ஒதுக்கிவிட்டு, அதைப் போலப் பலமடங்கு நீளமான விவரிப்பொன்றைத் தாமே எழுதினர். உள்ளீடு ஓர் எழுத்தோட்டம். அதன் முடிவைக் காட்ட ஒரு தனிக்குறி. முறிப்பெழுத்துகள் எவை, பிற எழுத்துகள் எவை என்ற பாகுபாடு. சொல்லுக்கு ஒரு வரையறை, இடைவெளிக்கு ஒரு வரையறை. வெளியீட்டில் உள்ளீட்டின் அதே சொல்வரிசை இருக்க வேண்டும் என்ற, நவுர் விட்டுவிட்ட அந்த விதி. அளவுமீறிய சொல் வந்தால் பிழைக்கொடியை உயர்த்தி நின்றுவிட வேண்டும். அதுவரை வெளிவந்த உரைக்கு நான்கு பண்புகள். இயல்மொழியில் இதைவிடக் கவனமாக எழுத முடியாது என்றே முதல் வாசிப்பில் தோன்றும்.

பெர்ட்ரான் மேயர் 1985 ஜனவரியில் 'ஐஈஈஈ சாஃப்ட்வேர்' இதழில் வெளியிட்ட, விவரக்குறிப்புகளில் முறைமை பற்றிய கட்டுரை இந்த நீண்ட வாசகத்தைத்தான் எடுத்து வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தது. பின்னாளில் ஐஃபெல் மொழியாலும் 'ஒப்பந்தவழி வடிவமைப்பு' என்ற கருத்தாலும் அறியப்பட்ட மேயர், விவரக்குறிப்பு எழுதுபவர் செய்யும் பாவங்கள் என்று ஏழைப் பட்டியலிட்டார்: வெற்று இரைச்சல், மௌனம், மிகைவரையறை, முரண், ஈரடி, பின்னே வருவதை முன்னே சுட்டுதல், நடவாததை விழைதல்.

தமிழ் மாணவருக்கு இந்தப் பட்டியல் முற்றிலும் புதிதாக இருக்காது. நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தைச் சொல்கிறது. குன்றக் கூறல் மேயரின் மௌனம். மாறுகொளக் கூறல் முரண். மயங்க வைத்தல் ஈரடி. கூறியது கூறலையும் மிகைபடக் கூறலையும் சேர்த்தால் இரைச்சலின் பெரும்பகுதி வந்துவிடும். இலக்கண நூல் என்பதும் ஒருவகை விவரக்குறிப்பு ஆதலால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை. ஒத்துவராத இடம்தான் கவனிக்க வேண்டியது. மேயர் சொல்லும் மிகைவரையறை தேவைக்கு மேல் பேசுவது மட்டுமல்ல. என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுவது. குடினஃப்-கெர்ஹார்ட் வாசகத்தின் முடிவுக்குறியே அதற்கு உதாரணம். உரை எங்கோ முடிகிறது என்பது கணக்கின் செய்தி. அந்த முடிவை ஒரு தனி எழுத்து காட்டுகிறது என்பது குறிப்பிட்ட ஒரு நிரலின் வசதி. பிழைக்கொடி என்ற மாறியும் அப்படித்தான். இந்தக் குற்றத்துக்குப் பழைய பட்டியலில் நேரான பெயர் இல்லை. செய்பவர் ஒருவர், செய்யச் சொல்பவர் வேறொருவர் என்ற பிரிவு உள்ள தொழிலில்தான் அது குற்றமாகிறது.

நீண்ட வாசகத்தின் ஓட்டைகள் சிலவற்றை மேயரின் துணையில்லாமலும் காணலாம். வெளியீடு உள்ளீட்டின் அதே சொல்வரிசை என்று சொல்லிவிட்டு உடனே அளவுமீறிய சொல்லுக்கு விலக்கு தருகிறது. விலக்கு வந்த பிறகு முதற்கூற்று எவ்வளவு தூரம் செல்லும் என்பது "பிழை நேர்ந்த இடம் வரை" என்ற தொடரைப் பொறுத்தது. பிழை நேர்ந்த இடம் எது? நீளமான சொல்லின் முதல் எழுத்தா, உச்ச அளவைத் தாண்டிய எழுத்தா, அச்சொல் வருமுன் பாதி நிரம்பி நின்ற வரியின் தொடக்கமா? வரி என்றால் அடுத்தடுத்த இரு புதுவரிக் குறிகளுக்கு இடைப்பட்டது என்று ஓர் அடைப்புக்குறிக்குள் வரையறை வருகிறது. சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் பின்னால் குறி இல்லாத கடைசி வரி, வரியே ஆகாது. விதிகள் அதைக் கட்டுப்படுத்தா. உள்ளீட்டின் ஒவ்வோர் இடைவெளியும் வெளியீட்டில் ஒற்றை முறிப்பெழுத்தாகச் சுருங்க வேண்டும் என்கிறது ஒரு விதி. உரையின் தொடக்கத்தில் உள்ள இடைவெளியும் அதில் அடங்குமா? அடங்கினால், லீவன்வொர்த் பிழை என்று காட்டிய அந்த முன்வெற்றிடம் இங்கே விதியாகவே திரும்பி வந்துவிடக்கூடும்.

இவற்றைச் சொல்வதால் குடினஃபையும் கெர்ஹார்ட்டையும் குறைத்து மதிப்பிட்டதாகாது. ஒவ்வோர் ஓட்டையையும் அடைக்க ஒரு வாக்கியம் சேர்த்தால் அவ்வாக்கியம் மற்ற வாக்கியங்களோடு உரசி இரண்டு ஓட்டைகளைத் திறக்கிறது. நீளம் தெளிவு தராது என்பதை அவர்களுடைய உழைப்புதான் காட்டித் தந்தது.

மேயரின் மாற்று

மேயர் தம் மாற்றை அடுக்கடுக்காக அமைத்தார். முதலில் உரை என்பது எழுத்துகளின் தொடர்வரிசை. இடைவெளிகள் ஒற்றை முறிப்பெழுத்தாகச் சுருங்கிய உரைக்கும் மூல உரைக்கும் உள்ள உறவு ஒரு படி. அவ்வாறு கிடைப்பவற்றுள் எந்த வரியும் உச்ச அளவைத் தாண்டாதவற்றை மட்டும் எடுப்பது அடுத்த படி. அவற்றுள்ளும் வரி எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ளவற்றைத் தேர்வது கடைசிப் படி. ஒவ்வொரு படியும் தனியாகப் படித்தால் புரிவது. மூன்றையும் கோத்தால் கணக்கு முடிந்தது. உச்ச அளவைத் தாண்டிய சொல் இல்லாத உரைகளுக்கு மட்டுமே விடை உண்டு என்பதைத் தனி விதியாக எழுத வேண்டியதில்லை. அது வரையறையிலிருந்து தேற்றமாக வந்துவிடுகிறது. நீண்ட வாசகத்தைக் குழப்பிய பிழைக்கொடிச் சிக்கல் இப்படி விலகிவிட்டது. முறைசார் எழுத்தின் வலிமை எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு இந்த ஓரிடத்தைக் காட்டலாம்.

ஆனால் மேயர் தீர்த்தது நவுரின் கணக்கைத்தானா?

"ஒவ்வொரு வரியையும் இயன்றவரை நிரப்பு" என்பது நவுரின் விதி. "மொத்த வரிகள் மிகக் குறைவாக இருக்கட்டும்" என்பது மேயரின் விதி. காடு, மலை, வயல் என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். எழுத்தெண்ணிக்கை முறையே 2, 2, 3. வரிக்கு உச்ச அளவு 6 என்க. முதல் வரியில் "காடு மலை" என்று வைத்தால் நடுவே உள்ள வெற்றிடத்தோடு 5 இடம்; வயல் அடுத்த வரிக்குப் போகும். முதல் வரியில் "காடு" மட்டும் வைத்து அடுத்த வரியில் "மலை வயல்" என்று வைத்தால் அங்கே சரியாக 6 இடம். இரண்டிலும் வரிகள் இரண்டு. மேயரின் வரையறை இரண்டையும் சரி என்கிறது. நவுரின் விதியை இயல்பாகப் படிப்பவர் முதலாவதை மட்டுமே சரி என்பார். இரண்டாவதில் முதல் வரியில் இன்னொரு சொல்லுக்கு இடம் இருந்தும் அதை நிரப்பவில்லை.

இதைப் பிழை என்று தள்ளுவதும் சரியாகாது. விடை ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம் என்று விட்டுவைப்பது விவரக்குறிப்பில் குற்றமில்லை. எந்த விடை வந்தாலும் கேட்டவருக்குச் சம்மதம் என்றால் நிரலாளருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கட்டும். ஆனால் சம்மதமா என்ற கேள்வியைக் கேட்டவரிடம்தான் கேட்க வேண்டும். அச்சுக்கோப்பவர் எவரும் முதல் வரியைப் பாதி காலியாக விட்டு இரண்டாவதை நிரப்ப மாட்டார். அதேநேரம் பக்க அழகு கருதி வரிகளின் நீளத்தைச் சமன்செய்ய விரும்புபவர் இரண்டாவது வடிவத்தையே விரும்பவும் கூடும். குறியீட்டில் எழுதியபோது இந்த இரு வாசிப்புகளும் பிரிந்து கண்ணுக்குத் தெரிந்தன. அது முறைப்படுத்தலின் பயன். எதைத் தேர்வது என்பதற்குக் குறியீட்டிடம் விடை கிடையாது.

மேயரின் கட்டுரை இன்று ஏழு பாவங்களின் பட்டியலுக்காகவே அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் அந்த ஏழு பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறார். கட்டுரையின் சிறந்த பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது. முறைசார் வரையறையை எழுதி முடித்த மேயர் அதிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பி, கணக்கைப் புதிதாக இயல்மொழியில் எழுதுகிறார். அது குடினஃப்-கெர்ஹார்ட் வாசகத்தைவிடத் தெளிவானது. குறியீடு அறியாதவரும் படிக்கக்கூடியது. கணிதம் அங்கே போய்த் தங்குமிடமாக அல்லாமல் போய்வரும் வழியாக இருக்கிறது. இந்தத் திரும்பும் பயணத்தைப் பெரும்பாலான பாடத்திட்டங்கள் விட்டுவிடுகின்றன.

நவுர் இந்த விவாதத்தின் எதிர்முனைக்குச் சென்றதையும் இங்கே சொல்ல வேண்டும். 1982இல் அதே 'பிட்' இதழில் நிரலாக்கத்தில் முறைப்படுத்தல் பற்றி எழுதிய அவர், முறைசார் எழுத்து இயல்மொழிக்கு மாற்று அல்ல, அதன் நீட்சியே என்று வாதிட்டார். மேயரின் கட்டுரை வந்த 1985ஆம் ஆண்டிலேயே, நிரலாக்கம் என்பது நிரலாளர் மனத்தில் ஒரு கோட்பாடு உருவாவதுதான், எழுதிவைத்த ஆவணங்கள் அதை முழுதாகத் தாங்கா என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்தும் அச்சேறியது. ஏழு பிழை கண்டவர் தப்பிக்கச் சொன்ன சமாதானம் என்று இதை ஒதுக்குவது எளிது. ஆனால் "காடு மலை வயல்" உதாரணத்தில் அவர் சொல்வதில் பாதி உண்மை தெரிகிறது. எந்த வரிமுறிப்பு வேண்டும் என்பது ஆவணத்தில் இல்லை. கேட்டவரின் மனத்தில் இருந்தது. மறுபாதி மேயரிடம் இருக்கிறது. குறியீட்டில் எழுதிப் பார்க்காமல் அப்படி ஒரு கேள்வி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

எழுத்து என்றால் என்ன?

நவுர், லண்டன், குடினஃப், கெர்ஹார்ட், மேயர் ஆகிய அனைவரும் ஒரு சொல்லை மட்டும் கேள்வியின்றி விட்டுவிட்டனர்: எழுத்து. மேயரின் வரையறையில் அது எழுத்துகளின் கணம். அக்கணம் கணக்கோடு தரப்பட்டுவிட்டது. 1969இன் வரி அச்சுப்பொறியில் ஓர் எழுத்து ஓர் இடத்தைப் பிடித்தது. எண்ணுவதும் அளப்பதும் ஒன்றாகவே இருந்தன. எனவே கேட்கவும் தோன்றவில்லை.

தமிழ் உரையில் அதே கணக்கைப் போட்டால் உடனே சிக்கல் தொடங்குகிறது. "தமிழ்" என்ற சொல் பள்ளிக்கணக்கில் 3 எழுத்து. ஒருங்குறியில் அது 5 குறியீட்டுப் புள்ளி. மகரத்தின் இகர வரிவடிவமும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனிக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 15 பைட்டு. இப்போது "காடு மலை வயல்" உரைக்கு மீண்டும் உச்ச அளவு 6 என்று வைத்துப் பார்க்கலாம். எழுத்தை எண்ணினால், முன்பு கண்டபடி, இரண்டு வரி. குறியீட்டுப் புள்ளியை எண்ணினால் சொற்கள் 4, 3, 4, எந்த இரண்டும் ஒரே வரியில் அடங்கா, மூன்று வரி. பைட்டை எண்ணினால் சொற்கள் 12, 9, 12, ஒவ்வொன்றும் அளவுமீறிய சொல், விடையே கிடையாது. ஒரே உரை, ஒரே வரம்பு, மேயரின் அதே வரையறை, மூன்று விளைவுகள்.

குறியீட்டுப் புள்ளியிலேயே நின்றாலும் தீராது. "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் சமம் என்கிறது. எண்ணும் நிரல் சமம் என்று சொல்லாது. "க்ஷ" ஒன்றா இரண்டா என்று கேட்டால் வகுப்பறையிலேயே இரண்டு கட்சி உண்டு. இவற்றையெல்லாம் தீர்த்தாலும், திரையில் "ஞௌ" பிடிக்கும் அகலமும் "ர" பிடிக்கும் அகலமும் ஒன்றல்ல. வரி நிரம்பியதா என்பதை எண்ணிக்கை சொல்லாது.

மேயரின் நிறுவல்கள் எதுவும் இதனால் பொய்யாகிவிடவில்லை. கணம் எதுவானாலும் அவை நிற்கும். அதனால்தான் ஆபத்து. முறைசார் விவரக்குறிப்பு தன் அடிப்படைச் சொற்களை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அச்சொற்கள் உலகில் எதைக் குறிக்கின்றன என்பதை எழுதிவைக்க மீண்டும் இயல்மொழிதான் வேண்டும். சூத்திரத்துக்கு உரை தேவைப்படுவது போல, குறியீட்டுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு தேவை: "இங்கே எழுத்து என்பது பயனர் ஓர் எழுத்தாகக் காண்பது, ஒருங்குறிப் புள்ளி அல்ல." இந்த ஒரு வாக்கியம் இல்லாத விவரக்குறிப்பு எத்தனை தேற்றங்களைத் தந்தாலும் தமிழ் உரைக்குப் பயன்படாது.

இயந்திரம் மாற்றித் தருமா?

இந்த வேலையை மனிதரிடமிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுக்கும் ஆசை பழையது. 1970களில் தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் ராபர்ட் பால்சர், நீல் கோல்ட்மன், டேவிட் வைல் ஆகியோர் 'சேஃப்' என்ற அமைப்பை உருவாக்கினர். 1978இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இயல்மொழியைக் குற்றம் சாட்டவில்லை என்பது அதன் சிறப்பு. மனிதர்கள் விவரிக்கும்போது பலவற்றை விட்டுவிடுவது சோம்பலால் அல்ல. சூழலிலிருந்து கேட்பவர் நிரப்பிக்கொள்வார் என்பதால்தான் என்று அவர்கள் கருதினர். விட்டதையெல்லாம் எழுதினால் வாசகம் பருத்துப் போகும். முக்கியமானது எது என்பது மறைந்துவிடும். எனவே இயந்திரமும் சூழலைக் கொண்டு நிரப்பிக்கொள்ளட்டும் என்பது திட்டம். விடுபட்டவற்றுக்கு ஏற்ற ஊகங்களை எடுத்து, கிடைக்கும் நிரலைக் குறியீட்டளவில் ஓட்டிப் பார்த்து, பொருந்தாதவற்றை அது ஒதுக்கியது. வாக்கியங்களின் இலக்கண அமைப்பை மனிதர்களே முன்கூட்டிப் பிரித்துத் தர வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்தின் எல்லை.

பொருந்தாததை ஒதுக்குவது நல்ல சல்லடைதான். ஆனால் "காடு மலை / வயல்", "காடு / மலை வயல்" என்ற இரண்டும் பொருந்துபவை. சல்லடையில் இரண்டும் நிற்கும். அங்கே ஊகித்துக்கொள்வதும் கேட்டுத் தெரிந்துகொள்வதும் வேறுவேறு.

அதே குழுவினர் பின்னர் 'ஜிஸ்ட்' என்ற விவரக்குறிப்பு மொழியை உருவாக்கினர். அதில் எழுதியவற்றைப் படித்துப் புரிந்துகொள்வது கடினமாக இருந்ததால், ஜிஸ்ட்டிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பித் தரும் கருவியொன்றை வில்லியம் ஸ்வார்ட்அவுட் உருவாக்கி 1982இல் வெளியிட்டார். ஆங்கிலத்திலிருந்து வெளியேறத் தொடங்கிய ஆய்வு ஆங்கிலத்துக்கே திரும்பி வந்ததைத் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. மேயர் காகிதத்தில் செய்த திரும்பும் பயணத்தை அவர்கள் இயந்திரத்தைக் கொண்டு செய்தார்கள்.

இன்றைய பெருமொழி மாதிரிகளுக்கு இலக்கணம் பிரித்துத் தர வேண்டியதில்லை. நவுரின் மூன்று விதிகளைக் கொடுத்து முன்நிபந்தனை, பின்நிபந்தனைகளை எழுதச் சொன்னால் சரளமாக எழுதும். அந்தச் சரளம்தான் சிக்கல். எழுதியது தருக்க முரணற்றதா, நிரல் அதை நிறைவேற்றுகிறதா என்று சரிபார்க்கக் கருவிகள் உண்டு. கேட்டவர் நினைத்தது அதுதானா என்று சரிபார்க்க எந்தக் கருவியும் இல்லை. அதற்கு இரு புறமும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு புறம் மனத்தில் இருக்கிறது. ஒரே மாதிரியிடம் விவரக்குறிப்பையும் நிரலையும் சேர்த்து வாங்கி, ஒன்று மற்றொன்றை நிறைவேற்றுகிறது என்று மகிழ்ந்தால், ஒரே தவறான வாசிப்பு இரண்டிலும் இருந்தாலும் நிறுவல் வெற்றி பெறும். கணக்கை விடைப்புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டு, விடைப்புத்தகத்தோடு ஒத்துப்போகிறது என்று காட்டுவது போன்றது அது.

2023இல் வெளிவந்த 'என்எல்2ஸ்பெக்' என்ற ஆய்வுக்கருவி இந்த வகையில் கவனத்துக்குரியது. அது இயல்மொழி வாக்கியத்தைக் காலத் தருக்கச் சூத்திரமாக மாற்ற மொழி மாதிரியைப் பயன்படுத்துகிறது. ஆனால் முழு விடையை மட்டும் தந்துவிட்டு ஒதுங்குவதில்லை. வாக்கியத்தின் எந்தத் துண்டு சூத்திரத்தின் எந்தத் துண்டானது என்று பிரித்துக் காட்டி, பயனர் அத்துண்டுகளைத் திருத்தவும் சேர்க்கவும் நீக்கவும் இடம் தருகிறது. பயனருக்குக் காலத் தருக்கம் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் குறை. சம்பளப் பட்டியல் கேட்ட வாடிக்கையாளருக்கு அது தெரியாது. அவருக்குக் காட்டத்தக்கவை விளைவுகளே. வரிமடிப்புக் கணக்கில் அது ஒரு சிறு காகிதத்தில் அடங்கும். "காடு மலை வயல்" என்ற உரையை இரண்டு விதமாக முறித்து எழுதி, மூன்றாவதாக மூன்று வரியில் எழுதி, நான்காவதாக "இந்தச் சொல் நீளமானது" என்ற எச்சரிக்கையையும் எழுதி, இந்த நான்கில் எது வேண்டும் என்று கேட்டால் போதும். குறியீடு எதுவும் அறியாதவரும் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிடுவார். சிலர் "இரண்டும் பரவாயில்லை" என்றும் சொல்வார்கள். அந்த விடைகளுக்குப் பிறகே மேயரின் கடைசிப் படியை எப்படி எழுதுவது என்பது தெரியும்.